அப்பப்பாவின் கையெழுத்து

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை வாசிப்பவள் ஒருத்தி; எழுதியவர்கள் நால்வர். ஒரே வளவில் வளர்ந்த நான்கு பேத்திகள் நாங்கள். நால்வரும் இந்தக் கல்லூரியின் படலையால் உள்ளே வந்து, இங்கே படித்து வெளியேறியவர்கள். இன்று ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி கொழும்பில். வைத்தியத் தொழிலுக்குப் போனவள் யாழ்ப்பாணத்திலேயே இருப்பதால் இந்த மேடை அவளுக்கு வாய்த்தது. ஆகவே இந்த உரை முழுவதிலும் "நாங்கள்" என்றுதான் வரும். பொறுத்தருளுங்கள்.

எங்களைப் படிப்பித்த ஒருவரை நினைவுகூருமாறு விழாக் குழுவினர் கேட்டபோது, எங்கள் அப்பப்பாவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டோம். அவர் இந்தக் கல்லூரியில் ஒரு நாளும் படிப்பித்தவர் அல்லர். கிராமத்துக் கலவன் பாடசாலை ஒன்றில் கணக்கும் தமிழும் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஆயினும் இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் சிலருக்கு அவரைத் தெரியும். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது மீசாலையில் ஒரு மாமரத்தின் கீழ் கணக்குப் படித்தவர்கள், மெலிந்த உயரமான அந்த "மாஸ்ரரை" மறந்திருக்க மாட்டீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. அவர் பிறந்தது 1924இல். எங்கள் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இருந்திருந்தால் அவருக்கும் இந்த ஆண்டு நூறு.

அவர் காலமானபோது வழமைபோல அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடித்தோம். அதில் அவருடைய பிறப்பும் படிப்பும் பணியும் பண்பும் குறைவில்லாமல் எழுதப்பட்டன. ஒரு விடயம் மட்டும் எழுதப்படவில்லை. அதை இன்று சொல்லப்போகிறோம். அதைச் சொல்வதற்கு உரிமை உள்ளவர் எங்கள் மாமி. அப்பப்பாவின் மூத்த மகள். அவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். அவருடைய அனுமதியைப் பெற்றுத்தான் பேசுகிறோம். இரண்டாவது வரிசையில் இருக்கிறார். தயவுசெய்து இப்போது திரும்பிப் பார்க்க வேண்டாம்; அவருக்குப் பிடிக்காது.

அப்பப்பா பயிற்றப்பட்ட ஆசிரியராக முதல் நியமனம் பெற்றது 1945இல். கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு. அதைப் பெருமையாகச் சொல்வார். "காசு கட்டிப் படிச்ச காலத்தையும் கண்டனான், காசில்லாமல் படிச்ச காலத்தையும் கண்டனான்" என்று தொடங்கினால், காசு இல்லாமல் படிப்பை விட்ட தன் வகுப்புத் தோழர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லித்தான் முடிப்பார். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்தப் பெயர்கள் இடாப்பில் இருந்த ஒழுங்கிலேயே வரும்.

வெள்ளை வேட்டி, மடித்துப் போட்ட சால்வை, ஒரு றலி சைக்கிள். விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பிக் கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, விறாந்தையில் தொங்கிய சின்னக் கரும்பலகையில் அன்றைய திகதியை எழுதுவார். 1984இல் ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அவருடைய எழுத்து அச்சுப் போன்றது. ஊரில் கச்சேரிக்கு எழுத வேண்டிய விண்ணப்பம், வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு எழுத வேண்டிய கடிதம், கலியாண ஓலை எல்லாம் எங்கள் விறாந்தைக்குத்தான் வரும். எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தை அவர்களிடமே விடுவார். எழுதத் தெரியாத ஒரு ஆச்சிக்குத் தன் பெயரை எழுதுவதற்கு இரண்டு பின்னேரம் பழக்கிய பிறகே அந்த விண்ணப்பத்தை அனுப்பினார். "கைநாட்டு வைக்கிறதெண்டால் என்னட்டை ஏன் வந்தனீ?" என்று அந்த ஆச்சியைப் பேசியது எங்களுக்கு ஞாபகம்.

நாங்கள் கீழ்ப்பிரிவில் படித்த காலத்தில் மின்சாரம் போனது. அதன்பின் பல வருடங்கள் நாங்கள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் ஒரு திரியும். அந்த வெளிச்சத்தைச் சுற்றி நான்கு தலைகள். இங்கிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த மணம் இப்போது மூக்கில் வந்திருக்கும். அப்பப்பா அந்த மண்ணெண்ணெயையே கணக்காக்கினார். ஒரு போத்தல் எண்ணெய், இத்தனை விளக்கு, ஒரு விளக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு குடிக்கும், எத்தனை நாளைக்குக் காணும்? விடை பிழைத்தால், பிழைத்த விடையின்படிதான் அந்தக் கிழமைக்கு எண்ணெய் அளந்து தருவார். கழித்தலை நாங்கள் கவனமாகச் செய்யப் பழகியது அப்படித்தான்.

பற்றரி கிடைக்காத காலம். இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்பதற்குச் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவை வானொலிக்குத் தொடுத்து, பெடலைச் சுற்ற வேண்டும். சுற்றுவது நாங்கள். அப்பப்பாவும் அயலவர்களும் கேட்பார்கள். சுற்றுபவள் களைத்தால் செய்தி முனகத் தொடங்கும், "பிள்ளை, பதின்மூன்றாம் வாய்பாடு!" என்பார். வாய்பாட்டின் தாளத்துக்குக் கால் சுற்றும், செய்தியும் தெளிவாகும். இன்றைக்கும் எங்கள் நால்வருக்கும் பதின்மூன்றாம் வாய்பாடு வாயால் வருவதற்கு முன் காலால் வருகிறது.

1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் வெளிக்கிட்டது. அந்த இரவைப் பற்றி எங்கள் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஓர் அடி வைக்க ஒரு நிமிடம் எடுத்த சனம். எல்லோரும் அரிசியும் நகையும் பாயும் கட்டினார்கள். அப்பப்பாவின் சைக்கிள் கரியரில் அரிசிக்கு மேலே ஓர் உரப்பை. அதற்குள் எங்கள் நால்வரின் புத்தகங்கள். வழியில் சில்லு இறுகியபோது அப்பா சொன்னார்: "ஐயா, உந்தப் பையை விட்டிட்டு வாங்கோ." அப்பப்பா அரிசி மூட்டையை அவிழ்த்துப் பாதியை ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்தார், உரப்பையை விடவில்லை.

மீசாலையில் நாங்கள் தங்கிய வீட்டில் ஏழு குடும்பங்கள். எங்களில் மூத்தவள் அந்த ஆண்டு சாதாரண தரம் எழுத இருந்தாள். பரீட்சை எப்போது நடக்கும், நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. நான்காம் நாள் அப்பப்பா வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு பழைய கதவுப் பலகையை வாங்கி, கரி பூசி, மாமரத்தில் சாய்த்து வைத்தார். மேலே அன்றைய திகதியை எழுதினார். எங்கள் நால்வரோடு தொடங்கிய வகுப்பு மார்கழி முடியுமுன் அறுபதைத் தாண்டியது. வேறு வேறு பாடசாலைப் பிள்ளைகள், வேறு வேறு ஊர்கள். அவருக்கு எல்லாம் ஒரே இடாப்பு. நாளுக்கு இருமுறை பெயர் கூப்பிடுவார். "பேர் கூப்பிட்டால் பிள்ளைக்குத் தான் இன்னும் ஒரு ஆள் எண்டு தெரியும்" என்பார். அகதி என்ற சொல்லை அந்த மரத்தடியில் அவர் ஒருமுறையேனும் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

1996 சித்திரை, வைகாசியில் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இருந்தது, கதவுகள் இல்லை. அதன்பின் உயர்தரம், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொருவராக நகர்ந்தோம். நால்வரில் எவரிடமும் "பொம்பிளைப் பிள்ளைக்கு இது போதும்" என்று அப்பப்பா ஒரு சொல் சொன்னதில்லை. அது அவருடைய இயல்பு என்றே நினைத்திருந்தோம். அந்த இயல்புக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது என்பதை அறிய 2005 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

2003 அளவில் அவருக்கு மறதிநோய் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தது கரும்பலகை. ஒரு கிழமையாக ஒரே திகதியை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குப் போன வழியில் வீடு தெரியாமல் நின்றார். கொடுத்த காசையே திரும்பவும் கொடுத்தார். எங்களில் ஒருத்தி அப்போது யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் மாணவி. அந்த நோயில் புதிய நினைவுகள் முதலில் அழியும், பழையவை நெடுநாள் நிற்கும், பொழுதுபடும் நேரத்தில் குழப்பம் கூடும் என்பதெல்லாம் விரிவுரையில் படித்தது. வீட்டில் அது வேறு மாதிரி இருந்தது. பின்னேரம் ஆறு மணிக்குச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுவார். "அப்பப்பா, நீங்கள் பென்சன் எடுத்து இருபது வருசம்" என்று நாங்கள் விளக்குவோம். அவருக்குக் கோபம் வரும், பிறகு பயம் வரும், பிறகு அழுகை.

மாமி விளக்கவில்லை. படலைக்கு முன்னால் போய் நின்று, "ஐயா, இண்டைக்குச் சனிக்கிழமை எல்லோ, பள்ளிக்கூடம் இல்லை" என்பார். அப்பப்பா சற்று யோசித்து, "ஓமோம்" என்று சாய்மனைக் கதிரையில் வந்து இருப்பார். இரண்டு வருடங்களுக்கு எங்கள் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் சனிக்கிழமைதான். மறதிநோய் உள்ளவரோடு வாதாடாதீர்கள், அவருடைய பயத்துக்கு மறுமொழி சொல்லுங்கள் என்று இன்று எங்கள் நோயாளிகளின் குடும்பங்களுக்குச் சொல்கிறோம். அது புத்தகத்தில் உண்டு. நாங்கள் படித்தது மாமியிடம்.

2005 மார்கழியில் ஒரு மழை இரவு. மாமி அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். நடுவில் கையைத் தட்டிவிட்டு அப்பப்பா நிமிர்ந்து இருந்தார். குரல் பழைய வகுப்பறைக் குரல்.

"பிள்ளை, அந்தப் பேராதனைக் கடிதம் எங்கை? நாளைக்குத் தபாலுக்குப் போகவேணும். கொண்டா, கையெழுத்து வைக்கிறன்."

மாமி கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு எழும்பிப் போய் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, பேனையோடு கொண்டுவந்து வைத்தார். அப்பப்பா வெற்றுத் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கடைசியில், சரியான இடத்தில், கையெழுத்து வைத்தார். "யாழ்தேவியிலை போய்ப் பொல்கஹவெலவிலை இறங்கி மாறவேணும். நான் கொண்டுபோய் விடுறன். பயப்பிடாதை" என்றார். பிறகு மிச்சக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அன்றிரவு குசினியில் வைத்துத்தான் மாமி எங்களுக்குச் சொன்னார். 1969இல் அவர் இந்தக் கல்லூரியிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானார். கடிதம் வந்தது. விடுதிப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும். அப்பப்பா வைக்கவில்லை. அப்பம்மாவுக்குத் தொய்வு, வீட்டில் ஆள் வேண்டும். கீழே இரண்டு தம்பிமார் படிக்க வேண்டும். ஒரு வாத்தியார் சம்பளம். குமர்ப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் இருந்தது. "வீட்டிலை இருந்து வெளிவாரியாப் படி பிள்ளை" என்றாராம். படிவம் மேசை லாச்சிக்குள் கிடந்து, திகதி கடந்து போனது. மாமி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அப்பம்மாவைப் பார்த்தார். தம்பிமார் இருவரும் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பா. வெளிவாரிப் படிப்புக்கு நேரம் வரவேயில்லை. கலியாணமும் அப்படியே போனது. தகப்பனும் மகளும் அந்தக் கடிதத்தைப் பற்றி முப்பத்தாறு வருடங்கள் ஒரு சொல் பேசவில்லை.

எங்களுக்கு அப்பப்பாவில் கோபம் வந்தது, மறைக்க மாட்டோம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை, சொந்தப் பிள்ளைக்கு ஒரு கையெழுத்தை வைக்கவில்லை. நாங்கள் படித்த படிப்பு மாமியின் லாச்சிக்குள் கிடந்த கடிதத்தின் மேல் நிற்கிறது என்று தெரிந்தபோது, அடுத்த நாள் வகுப்புக்குப் போகவே கால் வரவில்லை. மாமிதான் எழுப்பி அனுப்பினார்.

2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டப்பட்டது. அப்பப்பா 2007இல் காலமானார். எங்களில் மூவர் யாழ்ப்பாணத்துக்கு வெளியே. வைத்தியரானவள் கிழக்கில் ஒரு வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சியில். பாதை இல்லை, கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதியும் இடமும் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நால்வரில் ஒருத்திகூட அவருக்கு வாய்க்கரிசி போடவில்லை. தொலைபேசியில் மாமி சொன்னது இவ்வளவுதான்: "கடைசி மட்டும் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். உங்கள் நாலு பேரின்ரையும் வந்தது."

ஆறு மாதத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எங்கள் ஊரவர், இந்தக் கல்லூரியின் பழைய மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியை. 1971இல் அவருடைய தகப்பன் அவரை உயர்தரத்தோடு மறித்தபோது, அப்பப்பா மூன்று முறை அவர்கள் வீட்டுப் படலைக்குப் போயிருக்கிறார். முதல் முறை திண்ணையில் இருத்தவும் இல்லை. மூன்றாம் முறை தகப்பனிடம் அவர் சொன்னதை அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்: "அண்ணை, நான் ஒருக்கால் பிழை விட்டிட்டன். நீங்களும் விடாதேங்கோ."

அந்தக் கடிதத்துக்குப் பிறகு விசாரித்தோம். அப்படி அவர் படலை தட்டிய வீடுகள் எங்களுக்குத் தெரிந்தே ஒன்பது. எல்லாம் 1969க்குப் பிறகு. மாமியிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினோம். திருப்பி வாசிக்கச் சொன்னார். பிறகு, "எனக்கும் ஒருக்கால் சொல்லியிருக்கலாம்" என்றார். நாங்கள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. இன்றும் எங்களிடம் மறுமொழி இல்லை.

ஒன்பது வீட்டுப் படலையைத் தட்டியது ஒரு வீட்டுக் கதவைச் சாத்தியதற்கு ஈடாகுமா? கணக்கு வாத்தியாரின் பேத்திகள் என்றாலும் இந்தக் கணக்கு எங்களுக்கு வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வோம். தன் பிழையைப் பிறருக்குப் பாடமாக்கிய மனிதரை நாங்கள் நேசிக்கிறோம். அந்தப் பிழையின் விலையைத் தனியாகக் கட்டி, அதே தகப்பனைக் குழந்தைபோலப் பார்த்த மகளை அதைவிட மேலாக வணங்குகிறோம். கல்வெட்டில் இதை எழுதாமல் விட்டது அவருடைய மரியாதையைக் காப்பதற்காக என்று நினைத்தோம். உண்மையில் விடுபட்டது மாமியின் பெயர்.

சகோதரிகளே, இது பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. ஆனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கொப்பிக்கும் காசு வேண்டும். அதைவிடப் பெரிய தடை வீட்டில் ஒரு நோயாளி. எங்கள் கிளினிக்குக்குத் தாயைக் கூட்டிவரும் பிள்ளைகளிடம் "என்ன படிக்கிறீர்?" என்று கேட்டால், "விட்டிட்டன் டொக்டர், அம்மாவைப் பார்க்க ஆளில்லை" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்களில் எங்கள் கல்லூரிச் சீருடை போட்டவர்களும் உண்டு.

ஆகவே நூற்றாண்டில் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் உயர்தரப் பெறுபேறு வந்தவுடன், தெரிவாகியும் போக முடியாமல் நிற்கும் பிள்ளை யார் என்று சங்கம் விசாரிக்கட்டும். அந்த வீட்டுக்கு எங்களில் இரண்டு பேர் போவோம். காசு தடை என்றால் காசுக்கு வழி பார்ப்போம். நோயாளி தடை என்றால், கிழமையில் சில நாள் அங்கே போய் இருக்க ஆள் ஒழுங்கு செய்வோம். மருந்தையும் கிளினிக்கையும் வைத்தியர்களான நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தூர நாடுகளில் இருப்பவர்கள் அந்தப் பிள்ளையின் தகப்பனோடு தொலைபேசியில் பேசுங்கள். மூன்று முறையும் போக வேண்டி வரலாம். முதல் முறை திண்ணையில் இருத்த மாட்டார்கள்.

இதற்கென எங்கள் குடும்பம் ஒரு சிறு தொகையைச் சங்கத்திடம் கையளிக்கிறது. அதற்கு மாமியின் பெயரை வைக்க விரும்பினோம். மாமி சம்மதிக்கவில்லை. "பேர் எழுதிற செலவுக்கு ஒரு பிள்ளையின்ரை பஸ் காசைக் குடுங்கோ" என்றார். ஆகவே அதற்குப் பெயர் இல்லை.

அந்தக் கொப்பித் தாள் இன்றும் மாமியின் அலுமாரியில் இருக்கிறது. இந்த உரைக்காக அதை எடுத்துத் தரச் சொன்னோம். படம் எடுக்க விட்டார். வெளியே கொண்டுபோக விடவில்லை. மடித்துத் திரும்ப வைக்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கையெழுத்து வடிவாத்தான் இருக்கு."